அந்தரத்தில் நிற்கிற குளவியைப் பற்றி அருள்மொழிக்கு

உ
செங்கழுநீர் அம்மன் துணை

காட்டேரிக்குப்பம்,
மாட்டுப்பொங்கல் கழிந்து வந்த வியாழக்கிழமை.

எல்லாச் செல்வமும் பெற்று நெடுநாள் வாழவேண்டிய என் தம்பி மகள் அருள்மொழிக்கு, உன் அத்தை விஜயகுமாரி குங்குமம் வைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது என்னவென்றால், இவ்விடம் நானும் உன் மாமாவும் லட்சுமிப் பசுவும் அதன் கன்றும் அம்மன் தயவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவ்விடம் தார்வாட்டில் நீயும், நீ கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆராய்ச்சி செய்கிற பூச்சிகளும் அதேபோல் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். பூச்சிக்குமா வேண்டுதல் என்று சிரிக்காதே. உனக்கு மாசாமாசம் சம்பளம் வருவதே அதுங்களால்தானே. அதுங்களும் நல்லா இருக்கட்டும்.

நிற்க. கையில் போன் இருக்கும்போது அத்தை எதற்குக் காயிதம் போடுகிறாள் என்று நீ யோசிப்பாய். போன் கழனித்தண்ணித் தொட்டியில் விழுந்து செத்துப்போச்சு. எப்படி விழுந்தது என்பது பின்னால் வரும். முதலில் ரெண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான் இந்தக் கடிதம் எழுதுவது உங்கப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இன்னொன்று, நம்ம தோட்டத்துக்கு ஒரு பூச்சி வந்திருக்கிறது. அது என்ன பூச்சி, நல்லதா கெட்டதா, என்னத்துக்கு வந்திருக்கு என்று நீ சொல்லவேண்டும். அவ்வளவுதான் விஷயம். வேறே ஒன்றும் இல்லை.

பின்பக்கம் கிணற்றடியில் அவரைப் பந்தல் போட்டிருக்கிறேன். நீ பார்த்ததில்லை, நீ போனதற்கு அப்புறம் போட்டது. அதன் பக்கத்தில் விதைத்த கொத்தமல்லியைக் கிள்ளாமல் விட்டதில், அது வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மார்கழி கடைசியில் ஒருநாள் காலையில் கோயிலுக்குச் செம்பருத்தி பறிக்கப் போனேன். கொத்தமல்லிப் பூவுக்கு மேலே ஒரு பூச்சி அந்தரத்தில் நிற்கிறது. பறக்கவில்லைடி, நிற்கிறது. யாரோ மேலேயிருந்து நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. றெக்கை இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு வேகமாக அடிக்குது. உடம்பில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, ரோட்டில் வேகத்தடைக்குப் பெயிண்டு அடிப்பார்களே, அதே மாதிரி. தலை முழுக்கக் கண்ணு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தாப்போல. நான் கையை ஆட்டினேன். ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் போனது, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. உங்க மாமா பேப்பர் படிக்கும்போது நான் கூப்பிட்டால், ஒரு தரம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி விட்ட வரியிலேயே போய் நிற்பாரே, அந்த மாதிரிதான். மூணு தரம் விரட்டினேன், மூணு தரமும் வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னு என்னையே பாக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. செம்பருத்தியைப் பாதியில் விட்டுவிட்டு, மீதிக்கு அரளி பறித்துக்கொண்டு போய்விட்டேன்.

இத நான் என்னோட வெச்சிக்கினு இருந்திருக்கணும். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வூட்டுச் சின்னபொண்ணுகிட்ட வாய்விட்டேன், அவளும் வந்து பார்த்துவிட்டாள். பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அக்கா, இது குளவிக்கா. கூடு கட்ட எடம் பாக்குது" என்றாள். குளவி மண்ணெடுத்து வந்து வூட்டுல கூடு கட்டினா அந்த வூட்டுக்குப் புள்ள வரும் என்று நம்ம பக்கம் சொல்வது உனக்குத் தெரியாததில்லை. உங்கம்மா சுலோசனா உன்னை உண்டாகி இருந்தபோது கடைப் பலகைக்குப் பின்னாலேயே கட்டியிருந்தது, உங்கப்பா பூச்சிமருந்து விக்கிற ஆளு, அதை ஒன்றும் செய்யாமல் அந்தப் பலகையைத் திறக்காமலேயே வியாபாரம் பண்ணான். சரி, அது வேற கதை. எங்க வூட்டில் இருப்பது நானும் உன் மாமாவும். எனக்கு அம்பத்தாறு நடக்குது. அவருக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. கல்யாணமான மகளோ மருமகளோ வூட்டுல இல்லை. அப்போ குளவி யாரைப் பார்த்து வந்திருக்கு என்று சின்னபொண்ணு என்னை மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

சாயந்திரம் பால் சொசைட்டிக்குப் போறேன், அங்கே என் வயித்தைத்தான் எல்லாரும் பாக்குறாங்க. ஒருத்தி தூக்கு வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீங்க குனியாதீங்கக்கா என்கிறாள். இன்னொருத்தி மறுநாள் காலையில் புளியங்காய் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். நான் கோவிலுக்குப் போனால் பூசாரி எனக்கு மட்டும் எலுமிச்சம்பழம் ரெண்டாகக் கொடுக்கிறார். அவரிடமாவது விளக்கமாகச் சொல்லலாம் என்று, ஐயா இது கூடே கட்டல, சும்மா அந்தரத்துல நிக்குது, என்னத்துக்குன்னு தெரியல என்றேன். அவரு ரொம்ப நேரம் யோசனை பண்ணிவிட்டு, மண்ணு கெடைக்கல போலிருக்கும்மா, கொஞ்சம் கொழைச்சு வெச்சுப் பாருங்க என்றார். நானும் அவ்வளவு படிச்ச பொம்பளை இல்லையே, சொன்னா கேட்டுக்கற ஆளு. புற்று மண்ணை மஞ்சத்தண்ணியில் குழைத்து உருண்டை பிடித்துக் கிணற்றடி ஓரமா வெச்சேன். குளவி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்க மாமாதான் காலையில் பல் விளக்க வந்தவர், அது மேல கால் வைத்து வழுக்கி விழுந்து, கணுக்கால் பப்பாளிப்பழம் மாதிரி வீங்கிப்போச்சு.

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே ஊரு பேசுற பேச்சைச் சொன்னேன். நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு கேட்டேன். அவரு காலைப் பாத்துக்கினே, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி வரவேண்டிய குளவி, வழி விசாரிச்சிக்கினு இப்பதான் வந்து சேந்திருக்குது. பாவம், வுடு" என்றார். நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே சிரிச்சிக்கினே இருந்தோம். அப்புறம் அவரு பேப்பரை எடுத்துக்கிட்டாரு, நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவப் போயிட்டேன். இதையெல்லாம் உனக்கு எதுக்கு எழுதறேன்னு தெரியல. ஆனா ஒண்ணு அருளு, எனக்குப் புள்ள இல்லன்னு நான் சொன்னதில்ல. பள்ளிக்கூடம் வுட்டு கடை மூடுற வரைக்கும் நீ எங்க வூட்டுலதான் இருந்த. என் ஊறுகாய் ஜாடியெல்லாம் உன் பூச்சி ஜாடியா ஆச்சு. மாமாவுக்குச் சோத்துல போட எலுமிச்சங்காய் எடுத்தா உள்ளருந்து பொன்வண்டு வருது. அவரு அதுக்கும் ஒண்ணும் சொல்லல, வண்டை எடுத்து வெளிய வுட்டுட்டு ஊறுகாயைச் சாப்பிட்டாரு.

சரி, பூச்சிக்கு வரேன். நமக்கு எதுக்கு வம்பு, போட்டோ எடுத்து உனக்கே அனுப்பிடலாம், நீ பார்த்துச் சொல்லிடுவன்னு போனை எடுத்துக்கினு போனேன். அது நிக்கிது, நான் போனை நீட்டுறேன், அமுக்குறதுக்குள்ள ஒரு அடி தள்ளிப் போவுது. நானும் ஒரு அடி போறேன். இப்படியே கொத்தமல்லியிலருந்து செம்பருத்திக்கு, செம்பருத்தியிலருந்து மாட்டுத்தொழுவத்துக்கு என்னைக் கூட்டிக்கினு போயிடுச்சு. கடைசியில கழனித்தொட்டிக்கு மேல போயி, வா அத்தைன்னு கூப்புடுறாப்போல அசையாம நின்னுச்சு. ரெண்டு கையாலயும் போனைப் புடிச்சி நீட்டினேன். லட்சுமி பின்னாலருந்து வந்து என் முழங்கையை நக்குனா. அவ்வளவுதான், போனு தொட்டிக்குள்ள. லட்சுமி எட்டிப் பாத்துட்டு, தவிடு இல்லன்னு தெரிஞ்சதும் என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. அன்னிக்கி என்னைப் பாக்காதவங்க யாருன்னே தெரியல.

இப்பத்தான் உங்கப்பா கதைக்குள்ள வரான். மச்சானுக்குக் கால் சுளுக்குன்னு கேள்விப்பட்டு, கடையைச் சாத்திட்டு ஸ்கூட்டர்ல வந்தான். மச்சான் காலைப் பாத்தது ஒரு நிமிஷம், அவரைப் பந்தலைப் பாத்தது பத்து நிமிஷம். கொழுந்தெல்லாம் அசுவினி புடிச்சி, கறுப்புப் பேனு மாதிரி அப்பிக்கினு இருக்குதாம், இத்தனை நாளா எங்கிட்ட சொல்லாம என்ன பண்ண, நாளைக்கே வந்து அடிச்சுவுட்டுடறேன்னு கத்திட்டுப் போனான். மறுநாள் முதுகுல மருந்தடிக்கற பம்பைக் கட்டிக்கினு வந்துட்டான். அப்பத்தான் இந்தப் பூச்சி அவன் மூஞ்சிக்கு நேரா போயி நின்னுச்சு.

அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும். இத்தனை வருஷத் தொழில்ல அவனுக்குப் பூச்சியெல்லாம் பாட்டில் லேபிள்ல இருக்கற படத்தை வெச்சுத்தான் பழக்கம். எந்தப் பூச்சியைக் காட்டினாலும் அது சாகற மருந்தோட பேரைத்தான் சொல்லுவான், பூச்சியோட பேரைச் சொல்லமாட்டான். இது எந்த லேபிள்லயும் இல்ல. பம்பை எறக்கி வெச்சான். சுத்திச் சுத்திப் பாத்தான். மருந்துக் கம்பெனி ஏஜெண்டுக்குப் போன் போட்டு, மஞ்சப் பட்டை, அந்தரத்துல நிக்குதுன்னு அவன் விளக்கம் சொல்ல, அந்த ஆளு எந்தப் பூச்சியா இருந்தாலும் எங்க மருந்து கேக்கும் சார்னு சொல்லியிருக்கான். உங்கப்பாவுக்கு வந்துச்சே கோவம். மருந்து கேக்குமான்னு நான் கேக்கல, பேரு என்னன்னு கேட்டேன்னு போனை வெச்சிட்டான். அப்புறம் எங்களுக்குள்ள றெக்கைத் தகராறு. எனக்கு நாலு றெக்கை தெரியுது, அவன் ரெண்டுதான்றான், உங்க மாமா நாற்காலியில இருந்துக்கினே, ஊரான் றெக்கையை எண்றதுக்கு அக்காவும் தம்பியும் சேந்துட்டாங்கன்றாரு. குளவின்னா இடுப்பு நூலு மாதிரி இருக்கணுமே, இதுக்கு இடுப்பே இல்லையேன்னு உங்கப்பா சொல்றான். அப்ப தேனீயான்னு கேட்டா, தேனீக்கு வேற வேல இல்லையா, இப்படி நின்னு வேடிக்கை பாக்க அதுக்கு ஏது நேரம்ன்றான்.

பூச்சியைத் துரத்திக்கினு கொழுந்தாண்ட போனவன், அங்க ஒரு புழுவைப் பாத்துட்டான். அரிசி அளவுதான் இருக்கும், பச்சையா, அட்டை மாதிரி, தலை எது வால் எதுன்னே தெரியல. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவுல படுத்துக்கினு இருந்துச்சு. பாரு, புழுவும் வந்துடுச்சுன்னு பம்பை எடுக்கப் போனவன், கொஞ்சம் இருன்னு தனக்குத்தானே சொல்லிக்கினு குனிஞ்சான். அந்தப் புழு அசுவினி ஒண்ணை வாயில கவ்வி, அப்படியே மேல தூக்கிப் புடிச்சிக்கினு உறிஞ்சுதுடி. இளநீரை அண்ணாந்து குடிப்போமே, அதே கணக்கா. குடிச்சி முடிச்சிட்டு வெறுந்தோலைக் கீழ போட்டுட்டு அடுத்ததைப் புடிக்குது. உங்கப்பா குந்தினவன் குந்தினவன்தான். முக்காலி போட்டுக் குடுத்தேன். காபி குடுத்தேன், ஆறிப்போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "அக்கா, லைசென்சு இல்லாம என் தொழிலைப் பண்ணிக்கினு இருக்குதுக்கா இது" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து ரெண்டு தீபாவளி ஆகுது.

ஏன் ரெண்டு தீபாவளி என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் எழுதறேன், எழுதினா எனக்குக் கொஞ்சம் ஆறும். உன்னைப் பூச்சிப் படிப்பு படிக்க வெச்சதே, பட்டத்தைத் திருக்கனூர் கடைச் சுவரில் மாட்டி, கடையை உன் பேருக்கு மாற்றத்தான். நீ லீவில் வந்து கடையில் உட்கார்ந்தவள், சாமந்திக் கொம்பை ஒடித்து எடுத்துக்கொண்டு மருந்து கேட்டு வந்த ஆளிடம், இது நல்ல புழு, மருந்து வேண்டாம், வூட்டுக்குப் போங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாய். அந்த ஆளும் போயிட்டாரு. அதைப் பாத்துட்டு நின்னவங்க எல்லாம் மருந்துச் சீட்டை மடிச்சி வெச்சிட்டு, அவங்கவங்க வயல் கதையை உங்கிட்ட சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. கடை நெறைய ஜனம், ஒரு பாட்டில் விக்கல. அத்தனை பேருக்கு முன்னாடி அவனுக்குத் தலை குனிஞ்சு போச்சு. அந்த வேகத்தில், இனிமே இந்தக் கடைப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டான். தப்புதான். ஆனா கடைப் படின்னுதான சொன்னான். வூட்டுப் படின்னு சொல்லலியே. நீ ஊர்ப் படியையே மிதிக்காம இருக்கற. அவனுக்கு ஒரு வரி எழுதறதில்ல, அவனும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே ரோஷம்.

அதுக்காக அவன் எளகிட்டான்னு நெனைச்சிக்காத. அதெல்லாம் கெடையாது. உங்கம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பால உங்கிட்ட போன் பேசும்போது அவன் குளிக்கப் போறேன்னு எழுந்து போயிடறானாம். ஒரு வார்த்தைகூட கேக்க மாட்டேன்னு அவ்வளவு வைராக்கியம். ஆனா பாத்ரூம்ல தண்ணி விழற சத்தமே வரலன்னு சுலோசனா சொல்லுது. நீ போனை வெச்சப்புறம்தான் குழாயைத் தொறக்கறானாம்.

மறுநாளும் வந்தான், பம்பு இல்லாம. சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. கறுப்புப் பிடி போட்டது, நீ பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினது. எங்கேயிருந்துடா இது என்றேன். கடையில கெடந்துச்சு என்றான். கடையில் கெடந்தது மாதிரி இல்லை. துணி சுத்தி இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொழுந்து கொழுந்தாகப் பார்த்தான். அசுவினி கொறைஞ்சிருக்குதாம், நேத்து இருந்ததுல பாதிதான் இருக்காம், புழு பெருத்திருக்குதாம். பாத்துக்கினே இருந்தவன் தலையைத் தூக்காமலே எங்கிட்ட கேட்டான். "அன்னிக்கி ஒருத்தன் சாமந்திக் கொம்பு கொண்டாந்தானே. அதுல இருந்தது இந்தப் புழுதானாக்கா?"

நான் என்னத்தைடா கண்டேன், பாத்தவங்களைத்தான் கேக்கணும்னு சொல்லிட்டு அவரைக்காய் பறிக்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவன் போகும்போது, தை அமாவாசை வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள படிச்சவங்க யாராச்சும் இது நல்லதுன்னு எழுத்துல குடுத்தா வுட்டுடறேன், இல்லன்னா பம்பை எடுத்துக்கினு வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனான். படிச்சவங்கன்னா யாருடான்னு கேட்டேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிட்டான், காதுல வுழாத மாதிரி.

அதனால்தான் இந்தக் கடிதம். அது குளவியா, தேனீயா, வேற எதாச்சுமா? இந்தப் புழு அதோட குட்டியா, இல்ல வேற வூட்டுப் புள்ளையா? அன்னிக்கி நீ சொன்ன புழு இதுதானா? நான் எழுதினதை வெச்சு உன்னால் சொல்ல முடியுமா, இல்ல நேரில் பார்த்தால்தான் தெரியுமா? நேரில் பார்த்தால்தான் தெரியும் என்றால் ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் தை அமாவாசைக்கு முன்னால் பார்த்தால் நல்லது. தார்வாட்டிலிருந்து புதுச்சேரிக்கு நேராகவே ரயில் இருக்காம், வில்லியனூர் வழியாத்தான் வருமாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, யாரோ சொன்னார்கள்.

சோளரொட்டியே தின்னுக்கினு இருக்காத, ஒருவேளையாவது சோறு சாப்பிடு. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு உன் பேரில் நேர்ந்துகொண்டு ஒரு முடிச்சு கட்டி வைத்திருக்கிறேன், என்ன வேண்டுதல் என்று சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. உன் மாமா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கால் வீக்கம் வடிந்துவிட்டது. லட்சுமியும் சுகம். அம்மன் உன் தலைக்கு மேலே நிழலாக நிற்கட்டும். நீ பார்க்கிற பூச்சி எதுவும் உன்னைக் கொட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை
விஜயகுமாரி

பின்குறிப்பு: உங்கப்பா கவர் ஒட்டப் பசை எடுக்க உள்ளே போயிருக்கிறான், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மேலே எழுதினதில் கொஞ்சம் திருத்தம் உண்டு. போன் சாகவில்லை. அரிசி டிரம்முக்குள் வைத்து எடுத்ததும் எழுந்துவிட்டது, முன்னைவிட நல்லாத்தான் கேட்குது. பூச்சி என்ன என்பதும் தெரிந்துபோச்சு. உனக்கு அறிவியல் எடுத்த லில்லி டீச்சர் அவரைக்காய் வாங்க வந்தவங்க, பார்த்த மாத்திரத்தில் சொல்லிட்டாங்க. அது குளவியும் இல்ல, தேனீயும் இல்ல, ஈயாம். குருவி கொத்தாம இருக்கறதுக்காகக் குளவி வேஷம் போட்டுக்கினு திரியுதாம். ரெண்டு றெக்கைதானாம், கொட்டாதாம், அந்தப் புழு அதோட குட்டிதானாம், அசுவினியைத் தின்னே வளருமாம். உங்கப்பாவும் பக்கத்துலதான் நின்னு எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு, டீச்சர் சொன்னா போதுமா, இதுக்குன்னே படிச்சவங்க சொல்லணும்லன்னான். அப்ப போன் போட்டு நீயே கேளேன்டான்னேன். அதுக்கு அவன், என் குரலைக் கேட்டா வெச்சிடுவாக்கா, நீ காயிதம் எழுதுன்னான். அவனுக்குத் தெரியாமல் எழுதறேன் என்று மேலே இருக்குது பார், அந்த வரி அவன் சொல்லச் சொல்ல எழுதினது. எதிரில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே சொன்னான். மீதியை, கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டுச் சரி என்றான், அதனால் குழாய் விஷயம் எழுதினது அவனுக்குத் தெரியாது. தை அமாவாசை எல்லாம் சும்மா. பம்பு எங்கள் மாட்டுக்கொட்டகையில்தான் தொங்குது, அதில் கோழி குந்துது. உன் விலாசம் என்னிடம் கிடையாது. அவனிடம் கேட்டேன், எதையும் பார்க்காமல் ஹாஸ்டல் பெயரிலிருந்து பின்கோடு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னான். என் எழுத்து தபால்காரனுக்குப் புரியாது என்று பேனாவையும் பிடுங்கிக்கொண்டான். கவர் மேல் யார் எழுத்து என்று இந்நேரம் பார்த்திருப்பாய்.

ஒரே ஒரு சங்கடம்தான். சின்னபொண்ணு இன்னும் அது குளவிதான், இந்த வூட்டுக்குப் புள்ள வரத்தான் போவுதுன்னு சத்தியம் பண்றா. நீ நேரில் வந்து அது ஈ என்று சொன்னால்தான் அவள் ஒத்துக்கொள்வாள். ஆனால் நீ வந்துவிட்டால் அவள் சொன்னது பலித்துவிடும். எனக்கு ரெண்டும் சம்மதம். பசை கொண்டுவந்துவிட்டான்.